நுரையீரலில் இருந்த பருப்பு

நான் டாக்டர் என்பதை என் மாமியார் இன்னும் முழுதாக நம்பவில்லை. "ஸ்டெதஸ்கோப் கிடையாது, ஊசி போட மாட்டே, காய்ச்சல்னு வந்தா கிளினிக்குக்குப் போங்கன்னு சொல்றே. அப்புறம் என்னம்மா டாக்டரு?" என்று கிள்ளானில் இருக்கும் எங்கள் வீட்டு ஹாலில் வந்தவர் போனவர் முன்னால் கேட்பார். பேத்தாலஜி என்றால் என்னவென்று நான் விளக்கத் தொடங்கினால், பிணத்தை அறுக்கிற வேலையா என்று யாராவது ஒரு சித்தி குறுக்கே கேட்டு வைப்பார். இல்லை சித்தி, உயிரோடு இருப்பவர் உடம்பிலிருந்து எடுத்த துணுக்கைக் கண்ணாடியில் வைத்து, மைக்ரோஸ்கோப்பில் பார்த்து, என்ன நோய் என்று சொல்கிற வேலை என்பேன். "அப்ப ஆளையே பார்க்க மாட்டியா?" மாட்டேன். "அதான் பாரு," என்பார் மாமியார், வழக்கில் ஜெயித்த திருப்தியோடு.

இந்த லட்சணத்தில், நாற்பதைத் தாண்டிய பிறகு, நுரையீரல் நோய்களுக்கு மட்டும் என்று தனியாக ஃபெலோஷிப் பயிற்சிக்குப் போகிறேன் என்று வீட்டில் சொன்னேன். பல வருஷம் எல்லா உறுப்பையும் பார்த்துக்கொண்டிருந்தவள், இனி ஒரே உறுப்பைப் பார்க்கப் போகிறேன் என்றதும், பதவி இறக்கமா என்று கணவர் கேட்டார். பாதி விளையாட்டாகத்தான் கேட்டார். எனக்கு முழுக் கோபமும் வந்தது.

தினமும் காலையில் கிள்ளானில் கொமுட்டர் ரயில் ஏறி கே.எல். சென்ட்ரலில் இறங்குவேன். பிரிக்ஃபீல்ட்ஸில் நின்றபடி ஒரு தோசையை முடித்துக்கொண்டு, அங்கிருந்து இன்னொரு ரயில் பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போவேன். எனக்குப் பயிற்சி கொடுத்த நிபுணர் என்னைவிட வயதில் சின்னவர். சீனப் பெண். எதிரும் புதிருமாக இரண்டு பேர் உட்கார்ந்து ஒரே ஸ்லைடைப் பார்க்கிற மைக்ரோஸ்கோப்பின் அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான். நான் ஒரு பதில் சொன்னால், "சரி, ஏன்?" என்பார். காரணம் சொன்னால், "வேற எதனால இப்படி இருக்கலாம்?" என்பார். பதில் சரியாக இருந்தாலும் விடமாட்டார். முதல் மாதங்களில் ரயிலில் திரும்பும்போது மனதுக்குள் அவரோடு சண்டை போட்டுக்கொண்டே வருவேன். கொமுட்டர் ஷா ஆலாமைத் தாண்டும்போதுதான் அவர் கேட்டது நியாயம் என்று படும். அது இன்னும் எரிச்சலாக இருக்கும்.

நுரையீரல் அப்படிப்பட்ட உறுப்பு. எத்தனையோ விதமாக அதற்குக் கேடு வரலாம், ஆனால் கேடு வந்தால் அது காட்டுகிற முகங்கள் கொஞ்சம்தான். கிருமியும் தூசியும் மாத்திரையும் சில நேரம் ஒரே மாதிரி தடம் விட்டுப் போகும். அந்த ஆள் என்ன வேலை பார்த்தார், எதை மூச்சில் இழுத்தார், வீட்டில் என்ன வளர்க்கிறார் என்று தெரியாமல் ஸ்லைடை மட்டும் வைத்துச் சொன்னால் மாட்டிக்கொள்வோம். அதற்காகத்தான் புதன்கிழமைதோறும் ஒரு கூட்டம். நுரையீரல் மருத்துவர், ஸ்கேன் பார்ப்பவர், அறுவை மருத்துவர், நாங்கள், எல்லோரும் ஓர் அறையில் உட்கார்ந்து ஒவ்வொரு நோயாளியாக வாதாடுவோம். எல்லோரும் ஒத்துக்கொண்ட பிறகுதான் நோய்க்குப் பெயர்.

அந்த வருஷ நடுவில் ஒருவருடைய ஸ்லைடுகள் வந்தன. ஜெஞ்சாரோம் ஊர்ப் பக்கத்துத் தமிழர், எழுபதை நெருங்குகிறவர், லோரி ஓட்டி ஓய்வு பெற்றவர். முந்திய வருஷம் லேசான பக்கவாதம் வந்திருக்கிறது. நடை திரும்பிவிட்டது, பேச்சு மட்டும் குழறலாகவே நின்றுவிட்டது. அதன் பிறகு விட்டு விட்டுக் காய்ச்சல், இருமல். ஸ்கேன் எடுத்தால் இரண்டு பக்க நுரையீரலின் அடியிலும் சின்னச் சின்னப் புள்ளிகள், வலது பக்கம் ஒன்று பெரியது. வேறோர் இடத்தில் ஊசி போட்டுத் துணுக்கு எடுத்துப் பார்த்து, டிபியாக இருக்கலாம் என்று மாத்திரை கொடுத்திருந்தார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல மாட்டேன், நம் ஊரில் யார் பார்த்தாலும் முதலில் அதைத்தான் நினைப்பார்கள். மாத்திரை அவர் வயிற்றைப் புரட்டியது, கண்ணை மஞ்சளாக்கியது, புள்ளியை மட்டும் ஒன்றும் செய்யவில்லை. பெரிய புள்ளி இன்னும் பெரிதானது.

இப்போது எல்லோருக்கும் புற்றுநோய்ச் சந்தேகம். நுரையீரலின் அந்தப் பகுதியை அப்படியே எடுத்துவிடலாம் என்று அறுவை மருத்துவர் அடுத்த வாரத்துக்கு நாள் குறித்துவிட்டார். நுரையீரல் மருத்துவர் மலாய்க்காரர், எதையும் அவசரமில்லாமல் பேசுகிற மனிதர். "இந்த உடம்போட நெஞ்சைத் தொறந்தா அவர் எழுந்து வருவாரான்னு எனக்குப் பயமா இருக்கு," என்றார். அதனால்தான் பழைய துணுக்கை இன்னொரு தடவை பார்க்கச் சொல்லி எங்களிடம் அனுப்பியிருந்தார்.

துணுக்கில் புற்றுநோய் இல்லை. டிபி கிருமியும் இல்லை. ராட்சத செல்கள் என்று நாங்கள் பெயர் வைத்திருக்கிறவை மட்டும் கும்பலாக இருந்தன. தன்னால் தனியாக விழுங்க முடியாத எதையாவது கண்டால் உடம்பின் செல்கள் பல ஒன்றாகச் சேர்ந்து பெரிதாகி அதைச் சுற்றி வளைத்துக்கொள்ளும். அப்படியானால் இவை எதை வளைத்திருக்கின்றன? அதுதான் தெரியவில்லை. மிச்சம் இருந்த துணுக்கை இன்னும் ஆழமாகச் சீவித் தரும்படி லேப்பில் கேட்டேன். புது ஸ்லைடில், ஒரு ராட்சத செல்லின் நடுவில், கட்டம் கட்டமாக அறை பிரித்த ஒரு துகள் இருந்தது. ஒவ்வோர் அறைக்குள்ளும் குருணை மாதிரி ஏதோ நிறைந்திருந்தது. மனித உடம்பில் அப்படி எதுவும் கிடையாது. அது ஒரு செடியின் பாகம். புத்தகத்தில் படம் பார்த்திருக்கிறேன். வேகவைத்த பருப்பு.

மைக்ரோஸ்கோப்பின் அந்தப் பக்கம் உட்கார்ந்து என் நிபுணர் நெடுநேரம் பார்த்தார். "உள்ளேயா, மேலேயா?" என்றார். அவர் கேட்டதில் அர்த்தம் இருந்தது. லேப்பில் தண்ணீரில் மிதக்கிற தூசி, யாரோ சாப்பிட்ட பண்டத்தின் துகள், எது வேண்டுமானாலும் ஸ்லைடின் மேல் வந்து ஒட்டிக்கொள்ளலாம். "உன் லஞ்ச்சா இருக்கப் போகுது லா," என்று எங்கள் ஊர் 'லா' போட்டுச் சிரிக்காமல் சொன்னார். அடுத்தடுத்த சீவலை எடுத்து வைத்துக் காட்டினேன். எல்லாவற்றிலும் அதே இடத்தில், அதே செல்லின் பிடிக்குள் அது இருந்தது. அன்றைக்குத்தான் அவர் முதல் தடவையாக என்னிடம் ஏன் என்று கேட்கவில்லை.

புதன்கிழமைக் கூட்டத்தில் சொன்னேன். வயிற்றுக்குப் போக வேண்டிய சாப்பாடு கொஞ்சம் கொஞ்சமாக மூச்சுக்குழாயில் இறங்குகிறது, பக்கவாதத்துக்குப் பிறகு இது நடக்கிறதுதான், அந்தப் புள்ளிகள் எல்லாம் அதுதான் என்று. நுரையீரல் மருத்துவர் தலையை ஆட்டினார். "நான் கேட்டேனே. சாப்பிடும்போது சிரமம் இருக்கா, தொண்டை அடைக்குதான்னு ரெண்டு தடவை கேட்டேன். நர்ஸை விட்டுத் தமிழ்லயும் கேட்டேன். இல்லவே இல்லைன்னு சொல்லிட்டாங்க." அறுவை மருத்துவர் ஒரே ஒரு துகளுக்காகக் கத்தியைக் கீழே வைக்கத் தயாராக இல்லை. அந்தத் துகள் பக்கத்தில் புற்றுநோயும் இருக்கக்கூடாதா என்று கேட்டார். அதுவும் நியாயமான கேள்வி. கடைசியில் நுரையீரல் மருத்துவர் என் பக்கம் திரும்பினார். "அவர் வார்டுலதான் இருக்கார். நீங்க தமிழ் பேசுவீங்க. போய்ப் பாருங்களேன்."

பேத்தாலஜிக்காரர்கள் வார்டுக்குப் போகிற வழக்கம் எங்களிடம் இல்லை. வெள்ளைக் கோட்டை அலமாரியின் அடியிலிருந்து தேடி எடுத்தேன். மடிப்பு கலையவே இல்லை.

நான் போனது மதியச் சாப்பாட்டு நேரம். அவர் கட்டிலில் பாதி சாய்ந்து படுத்திருந்தார். மனைவி பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து, வீட்டிலிருந்து கொண்டுவந்த பருப்புச் சோற்றைக் குழையப் பிசைந்து ஊட்டிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு வாய்க்கும் ஒரு மடக்கு ரசம். எவ்வளவு பொறுமையான கை. நான் யாரென்று சொன்னேன். கண்ணாடியில் பார்க்கிற டாக்டர் நேரில் வந்ததில் அந்த அம்மாவுக்குச் சந்தோஷம். "தமிழ் டாக்டர் வந்திருக்காங்க பாருங்க," என்று கணவரிடம் சொல்லி, எனக்கு நாற்காலி தேடினார்.

"ஆன்டி, அங்கிள் சாப்பிடுறப்ப தொண்டையில அடைக்குதா? முழுங்கக் கஷ்டப்படுறாரா?"

"அப்படி ஒண்ணும் இல்ல டாக்டர். நல்லா சாப்பிடுறாரு. அந்த மலாய் டாக்டரும் இதையேதான் கேட்டாரு."

சொல்லி முடிக்கவில்லை, அங்கிளுக்கு இருமல் வந்தது. முகம் சிவந்து, கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. ஆன்டி பதறவில்லை. சிரித்துக்கொண்டே அவர் உச்சந்தலையில் மெல்லத் தட்டினார். "புரை ஏறுது டாக்டர். மகன் நினைச்சிட்டான் போல." இருமி முடித்த அந்த மனிதரும் சிரித்தார். வாய் ஒரு பக்கமாகத்தான் போயிற்று, ஆனால் கண் இரண்டிலும் அப்படி ஒரு வெளிச்சம்.

எங்கள் வீட்டிலும் அப்படித்தான். புரை ஏறினால் உச்சியில் தட்டி, யாரோ நினைக்கிறார்கள் என்று சொல்லிவிட்டு அடுத்த வாய் சாப்பிடுவோம். அதை ஒரு கஷ்டம் என்று எந்த டாக்டரிடம் யார் போய்ச் சொல்வார்கள்? அவர்கள் சொன்ன 'இல்லை'யில் பொய்யே கிடையாது.

"அடிக்கடி ஏறுமா ஆன்டி?"

"தினம் ஏறுது டாக்டர். ரெண்டு வேளையும். முன்னெல்லாம் எப்பவாவதுதான். இவரு படுத்ததுக்கு அப்புறம் பையன் ரொம்ப நினைக்கிறான். ஒரே பையன். வெளிநாட்டுல, பெர்த்துல மைன்ஸ்ல வேலை பார்க்குறான்."

எழுந்து குதித்து, கிடைத்துவிட்டது என்று கத்தலாம் போல ஒரு கணம் இருந்தது. ஆனால் ஸ்லைடில் நான் கண்டது பருப்பு மட்டும். அந்தப் பருப்போடு இவர்கள் இருவரும் ஒரு வருஷமாக எதைச் சேர்த்து விழுங்கிக்கொண்டிருந்தார்கள் என்பது ஸ்லைடுக்குப் போடுகிற எந்தச் சாயத்திலும் தெரியாது.

ஆன்டியை வராந்தாவுக்கு அழைத்துப்போய்ச் சொன்னேன். முடிந்தவரை மெதுவாகத்தான் சொன்னேன். அவர் தன் வலது கையைப் பார்த்துக்கொண்டே கேட்டார். விரல்களில் இன்னும் சோறு ஒட்டியிருந்தது.

"அப்ப நான் ஊட்டுன சோறுதானா டாக்டர்?"

"உங்க கையில ஒரு தப்பும் இல்ல ஆன்டி. பக்கவாதத்துல அவர் தொண்டைதான் பழுதாயிருக்கு. நீங்க இப்படிப் பார்த்துக்கலைன்னா அவர் இவ்வளவு தூரம் தேறியிருக்கவே மாட்டாரு." சமாதானத்துக்காகச் சொல்லவில்லை, அது உண்மை. அவர் சரி என்று தலையாட்டினார். நம்பினாரா என்று தெரியாது. "மகன் நினைச்சு ஏறுன புரை இல்லைன்னு மட்டும் அவருகிட்ட சொல்லிடாதீங்க," என்றார்.

மறுநாள் எக்ஸ்ரே திரைக்கு முன்னால் அவரை உட்கார வைத்து, மருந்து கலந்த தண்ணீரை விழுங்கச் சொல்லிப் பார்த்தார்கள். தண்ணீர் தடம் மாறி மூச்சுக்குழாயில் இறங்குவது எல்லோருக்கும் தெரிந்தது. அறுவை மருத்துவர் தேதியைத் தள்ளி வைத்தார். சாப்பாட்டைச் சரிசெய்து சில மாதம் பார்ப்போம், புள்ளி சுருங்கினால் கத்தி வேண்டாம் என்று முடிவானது. விழுங்கப் பழக்கும் தெரப்பிஸ்ட் வந்து சட்டங்கள் சொன்னார். நிமிர்ந்து உட்கார வேண்டும், தாடையைத் தாழ்த்தி விழுங்க வேண்டும், எல்லாவற்றையும் அரைத்துக் கூழாக்க வேண்டும், ரசத்தில்கூட மாவு கலந்து கெட்டியாக்க வேண்டும், சாப்பிடும்போது பேசக்கூடாது. என் நிபுணர் அந்த ஸ்லைடைப் பயிற்சிப் பெட்டியில் எடுத்து வைத்தார். எனக்குப் பெருமையாக இருந்தது. மாமியாரிடம்கூடச் சொன்னேன்.

சில மாதம் கழித்து அவர் மறுபரிசோதனைக்கு வருகிற அன்று, என்னையும் கிளினிக்குக்கு வரச் சொன்னார் நுரையீரல் மருத்துவர். ஸ்கேனைப் பார்த்ததும் சந்தோஷத்தில் என்னால் உட்கார முடியவில்லை. சின்னப் புள்ளிகள் பல காணாமல் போயிருந்தன. பெரியது பாதியாகியிருந்தது. ஆனால் கதவைத் திறந்துகொண்டு வந்த மனிதரும் பாதியாகியிருந்தார். சட்டைக் காலருக்குள் கழுத்து தனியாக நின்றது. கூழ்க் கிண்ணத்தை வைத்தால் இரண்டு வாயோடு தள்ளி வைத்துவிடுகிறாராம். இப்படியே எடை இறங்கினால் நுரையீரல் தேறியும் பயனில்லை, வயிற்றில் டியூப் போட வேண்டியிருக்கும் என்றார் மருத்துவர். அவரை எடை பார்க்க நர்ஸ் கூட்டிப் போனதும் ஆன்டி என் கையைப் பிடித்தார்.

"இப்ப புரையே ஏறுறதில்ல டாக்டர்."

"நல்லதுதானே ஆன்டி?"

"எனக்கு நல்லது. அவருக்கு அப்படி இல்லையே. மகன் மறந்துட்டாங்கிறாரு. போன வாரம் நான் பாசாருக்குக் காய் வாங்கப் போயிட்டு வந்து பார்க்குறேன், அடுப்படியில நின்னு தண்ணி ரசத்தை டம்ளரோட குடிக்கிறாரு. ஏன் இப்படிப் பண்றீங்கன்னு கத்துனேன். புரை ஏறட்டும்கிறாரு."

அந்த மனுஷன் வேண்டுமென்றே நுரையீரலில் ரசத்தை ஊற்றிக்கொள்ளப் பார்த்திருக்கிறார், மகன் தன்னை நினைக்கிறான் என்று தெரிவதற்காக. துக்கத்துக்குப் பின்னாலேயே கோபம் வந்தது. அந்த மகன் போன் பண்ணுவானா இல்லையா என்று கேட்டேன்.

"பண்ணுவான் டாக்டர். என்கிட்டதான் பேசுவான். அப்பாகிட்ட குடுக்கவான்னா, அவசரமா இருக்கேம்மாம்பான்."

"இப்பப் போடுங்க. நான் பேசுறேன்."

நான் இப்படியெல்லாம் செய்கிற ஆள் இல்லை. என் வேலையும் இதுவல்ல. ஆன்டி போட்டுக் கொடுத்தார். இரண்டு வார்த்தை சூடாகக் கேட்பது என்றுதான் வாங்கினேன். நான் யாரென்று சொல்லி, அப்பா சாப்பிடுவதில்லை என்றும், ஏன் என்றும் சொன்னேன்.

"அப்பா பேசுறது எனக்கு வெளங்க மாட்டேங்குது டாக்டர்," என்றான். குரல் உடைந்திருந்தது. "போன்ல இன்னும் மோசம். என்னப்பா, என்னப்பான்னு ரெண்டு தடவை கேட்டா அவருக்குக் கோவம் வந்து போனை வச்சிடுறாரு. அவர் அவமானப்படுறாருன்னு எனக்குத் தெரியுது. அதான் நான் குடுக்கச் சொல்றதில்ல. நினைக்காமலா இருக்கேன்?"

சூடாகக் கேட்க வைத்திருந்த வார்த்தைகள் எங்கே போயின என்று தெரியவில்லை. தெரப்பிஸ்டின் சட்டம்தான் வாயில் வந்தது.

"தம்பி, சாப்பிடுறப்ப அவர் பேசக்கூடாது. அது டாக்டர் சொன்னது. பெர்த்துலயும் நம்ம டைம்தானே? மத்தியானம் நீங்க சாப்பிடுற நேரத்துக்கு வீடியோல வாங்க. ரெண்டு பேரும் சாப்பிடுங்க. ஒரு வார்த்தை பேச வேணாம்."

"பேசாம எப்படி டாக்டர்?"

"பேசினா புரை ஏறும்," என்றேன். அவன் சிரித்தானா அழுதானா என்று சரியாகத் தெரியவில்லை.

அடுத்த தடவை அவர்கள் வந்தபோது என் பயிற்சி முடிகிற தறுவாயில் இருந்தது. யாரும் கூப்பிடவில்லை, நானாகவே கிளினிக்குக்குப் போனேன். நீ நிஜ டாக்டராகப் போகிறாயா என்று என் நிபுணர் கேலி செய்தார். ஸ்கேனில் பெரிய புள்ளி ஒரு தழும்பாகச் சுருங்கியிருந்தது. எடை ஏறியிருந்தது. கத்தியும் வேண்டாம், டியூபும் வேண்டாம் என்று நுரையீரல் மருத்துவர் சொன்னபோது ஆன்டி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"தினம் வரான் டாக்டர். தண்ணி ஜாடியில போனைச் சாய்ச்சு வச்சிருவேன். அவன் அங்க கேன்டீன்ல, இவரு இங்க. ரெண்டும் வாயே தொறக்குறதில்ல, சாப்பிடுறதுக்கு மட்டும்தான். முடிச்சதும் இவரு கிண்ணத்தைச் சுத்தமா வழிச்சு போன்ல காட்டுவாரு. அவன் சின்னப் பிள்ளையில லோரியில இருந்து இவரு எறங்குறப்ப, இப்படித்தான் தட்டைத் தூக்கிட்டு வாசலுக்கு ஓடுவான், பாருப்பா சாப்பிட்டுட்டேன்னு."

அங்கிள் கையை உயர்த்தி மனைவியை நிறுத்தினார். எதையோ திருத்த வேண்டும் என்ற அவசரம் அவர் முகத்தில் இருந்தது. நாக்கு ஒத்துழைக்க அவர் எடுத்துக்கொண்ட நேரத்தில் அறையில் யாரும் குறுக்கே பேசவில்லை.

"அவன்," என்றார். பிறகு, "மிச்சம் வைப்பான்." இன்னும் கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு, "இப்பவும் வைக்கிறான். நான் பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன்."

அவர் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் எனக்குப் புரிந்தது.